கழுத்து மட்டும் இறுக்கிய கோதுகள்

நீக்கிலாப்பிள்ளைக்கு உடன்பிறப்பு என்று மிஞ்சியிருந்தவள் ஒருத்திதான், தங்கை றெஜினா. அவள் இப்போது அவனோடு கதைப்பதில்லை. துவக்குத் தோட்டாவால் வந்த பிரிவு என்று சொன்னால், ஏதோ ஆளை ஆள் சுட்டுப்போட்டார்கள் என்று நினைப்பீர்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. அந்தத் தோட்டா வெடிக்கவே இல்லை. வெடித்திருந்தால் இந்தக் கதை இல்லை.

முறையைச் சொல்லிவிடுகிறேன், நான் அவனுக்கு அக்கா முறை. அவனுடைய தாய் செபமாலையும் என் தாயும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், மன்னார் பேசாலை. செபமாலைச் சின்னம்மா பெற்றது ஐந்து. மூத்தவன் கடலுக்குப் போய் வரவில்லை. அடுத்தவன் இயக்கத்துக்குப் போய் வரவில்லை. மூன்றாவது பெண், காய்ச்சலில் போனாள். நாலாவது நீக்கிலாப்பிள்ளை, கடைக்குட்டி றெஜினா. சின்னம்மா கண்ணை மூடும்போது றெஜினாவுக்குப் பால் பல்லு விழுகிற வயது. அவளுக்குத் தலை வாரிவிட்டதும் சோறு தீத்தியதும் பூசைக்குக் கூட்டிப்போனதும் அவன்தான். எண்பத்தேழில் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்து, பாத்திரம் கழுவி, காகிதம் சரிவந்தவுடன் முதல் வேலையாக அவளைக் கூப்பிட்டான். குருநகர் அருமைராசாவை மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிவைத்ததும் அவனே. அவர்களுக்குப் பிறந்த றொஷினிக்குத் தாய்மாமனும் அவன், ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தகப்பனும் அவன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் அவனும் மனைவி றோசாவும் ஆற்றுப் பாலம் தாண்டி, றெஜினா குடும்பம் இருந்த புரோசார்ட்டுக்குப் போவார்கள். றெஜினா சமைத்து வைத்திருப்பாள். கிழமையில் அந்த ஒரு நேரத்துக்காகத்தான் அவன் மற்ற நாளெல்லாம் வேலை செய்தான் என்று சொன்னாலும் பிழையில்லை. அவனுக்கும் றோசாவுக்கும் பிள்ளை இல்லை.

துவக்கு வந்தது இரண்டாயிரத்தோராம் ஆண்டு. சென் லோறனில் யன்னல் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை. கூட வேலை செய்த லூசியன் என்ற கிழவனுக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள், இனிக் காட்டுக்குள் நடக்க ஏலாது என்றார்கள். லூசியன் தன் 303 துவக்கையும், தோட்டா செய்கிற சாமான் முழுவதையும் இவனிடம் விற்றான். இவன் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் வாங்கினான். றோசாவுக்கு அது வீட்டுக்குள் வந்தது பிடிக்கவில்லை. ஊரில் பொலிஸ்காரன் தோளில் கிடந்த அதே துவக்கு, அதே மரம், அதே மூக்கு. அதைக் கண்டு ஓடித்தானே இங்கே வந்தோம் என்று கேட்டாள். அவன் அதற்கு, அது மனிசரைச் சுட்டது, இது மானைச் சுடுகிறது என்றான். அவள் நிலவறைக்குப் போய் அவன் மேசைக்கு மேலே அந்தோனியார் படத்தை ஆணியடித்து மாட்டிவிட்டு வந்தாள்.

அஹுன்ட்சிக்கில் அவர்கள் இருந்த வீட்டின் நிலவறை அது. ஒரு பக்கம் உடுப்புக் காயவைக்கிற இயந்திரம், மறுபக்கம் அவனுடைய மேசை. நான் பல நாள் படியில் இருந்து பார்த்திருக்கிறேன். சுட்டு முடிந்த பித்தளைக் கோதை எறியமாட்டான். கழுவுவான், துடைப்பான், கழுத்தை அளவுக்கு இறுக்குவான். பின்பக்கம், அடி பட்டால் தீப்பற்றுகிற சின்ன மூடி, பழைய கேப்பைத் தட்டிப் புதுக் கேப்பு வைப்பான். பிறகு வெடிமருந்து. சின்னத் தராசு ஒன்று, எங்கள் ஊர் தட்டான் வைத்திருப்பானே அதுபோல. அதில் மருந்தைச் சிட்டிகை சிட்டிகையாக விட்டு, முள்ளு நிற்கும்வரை மூச்சு விடமாட்டான். புத்தகத்தில் சொன்ன குறைந்த அளவில் தொடங்கி, ஒரு பெட்டிக்கு மற்றப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவான். கடைசியில் ரவையை, பறந்துபோகிற ஈயக்குண்டை, வாயில் வைத்து அழுத்துவான். சனிக்கிழமை நகரத்துக்கு வெளியே சுடுகிற இடத்துக்குக் கொண்டுபோய்க் கடதாசியில் சுட்டுப் பார்ப்பான். துளைகள் சிதறினால் மருந்து சரியில்லை. துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால் அதுதான் அந்தத் துவக்கு கேட்ட அளவு. அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு வருசம் பிடித்தது. கண்டுபிடித்த அன்று அந்தக் கடதாசியை எனக்குக் கொண்டுவந்து காட்டினான். ஒரு பெரிய காசு அளவுக்குள் எல்லாத் துளையும் கிடந்தது.

இதில் ஒரு விசயம் இருக்கிறது, அதுதான் பிறகு வினையானது. சுடும்போது கோது சூட்டில் ஊதி, அந்தத் துவக்கில் தோட்டா இருக்கிற அறை எந்த வடிவமோ அந்த வடிவத்துக்கு வந்துவிடும். திரும்ப அடைக்கும்போது கோதை முழுக்க இறுக்கினால் கடைத் தோட்டா மாதிரி எந்த 303க்கும் போகும். ஆனால் பித்தளை கெதியில் கிழியும், துளைகளும் சிதறும். அதனால் அவன் கழுத்தை மட்டும் இறுக்கி, உடம்பை அப்படியே விட்டுவிடுவான். அந்தக் கோது அது சுடப்பட்ட துவக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருக்கும். வேறு துவக்குக்குள் போகாது, தோட்டாவைத் தள்ளி அடைக்கிற பூட்டு பாதியில் நிற்கும். இரண்டும் ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் போகாது. பழைய பட்டாளத்துத் துவக்குகள், ஒவ்வொன்றின் அறையும் ஒரு மாதிரி.

அருமைராசா கெட்டவன் இல்லை. நகரத்துக்குள் ஒரு பெரிய ஹோட்டலில் சமையல் வேலை. கை தாராளம், வாயும் தாராளம். மச்சான் மான் இறைச்சி கொண்டுவந்து றெஜினாவிடம் கொடுக்கும்போது அவனுக்குச் சிரிப்பும் வரும், ஒரு பொருமலும் வரும். தன் வீட்டுச் சட்டியில் வேறொருவன் இறைச்சி வேகுது என்ற பொருமல். அவனும் லைசென்ஸ் எடுத்தான். அவனும் ஒரு 303 வாங்கினான். மச்சானுடையதைவிட இரும்பில் கறள் குறைந்தது என்று எல்லாருக்கும் காட்டினான்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு புரட்டாதி மாதம். ஹோட்டல் சமையலறையின் பெரியவன் மார்செல், ஐப்பசியில் வடக்கே மூஸ் வேட்டைக்குப் போகிற தன் கூட்டத்தில் அருமைராசாவையும் சேர்த்தான். மூஸ் என்றால் இந்த நாட்டு மரை, பெரிய காட்டு மான், எங்கள் மரையில் இரண்டு சேர்ந்த அளவு. வெள்ளைக்காரக் கூட்டத்தில் நம்மட ஆள் ஒருவனைக் கூப்பிடுவது சின்னக் காரியம் இல்லை. அருமைராசா அதைக் கோயில் பங்குச் சனம் முழுக்கச் சொன்னான். இறைச்சி எந்த எந்த வீட்டுக்கு என்று பங்கு பிரித்தும் வைத்துவிட்டான்.

அந்த ஞாயிறு றெஜினா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான்.

"மச்சான், உம்மட தோட்டாவிலை ஒரு பெட்டி தாரும். கடைச் சாமானை நம்பி அந்தப் பெரிய மிருகத்துக்கு முன்னாலை நிக்கேலாது."

"அது என்ர துவக்குக்கு மட்டும்தான் மச்சான் போகும். உம்மடதுக்குச் சரிவராது."

"அதும் 303, இதும் 303. என்ன, உம்மடது வேதக்காரத் துவக்கு, என்ரது சைவமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நீக்கிலாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டு, கோது, கழுத்து, அறை என்று விளங்கப்படுத்தத் தொடங்கினான். அவனுக்கு விளங்கப்படுத்த வராது. நீட்டி இழுத்து, கேட்கிறவன் மூளையில்லாதவன் மாதிரி மெல்ல மெல்லச் சொல்லுவான். வேண்டுமென்றால் உம்மட துவக்கைக் கொண்டுவாரும், அதுக்குப் புறிம்பாகச் செய்து தாறன், ஆனால் இரண்டு மூன்று மாதம் வேணும் என்றான். ஐப்பசிக்கு இருந்ததோ மூன்று கிழமை.

"குடுக்க மனமில்லை எண்டு நேரை சொல்லும்" என்று அருமைராசா கை கழுவ எழும்பினான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கை கழுவப் போனவன் திரும்பி மேசைக்கு வரவில்லை.

எங்கள் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். உடன்பிறந்தான் வீட்டில் இருக்கிற ஒன்றை, உனக்குச் சரிவராது, எனக்கு மட்டும்தான் என்று சொன்னால் அதற்கு ஒரே கருத்துத்தான் உண்டு. வறுத்த மிளகாய்த்தூளில் இருந்து காற்சட்டைவரை எல்லாம் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போய்வருகிற சாமான். துவக்குத் தோட்டா மட்டும் அப்படியில்லை என்று ஆர் நம்புவார்?

றெஜினாவுக்குப் புருசன் முகம் கறுத்தது பொறுக்கவில்லை. நடுக்கிழமையில், அண்ணன் வேலைக்குப் போன நேரம் பார்த்து பாலம் தாண்டி வந்தாள். றோசாவோடு தேத்தண்ணி குடித்தாள். மச்சாள், ஒரு பெட்டி தாங்கோ, இவருக்கு மனசு ஆறும், அண்ணைக்குத் தெரியவேண்டாம் என்றாள். றோசா நிலவறைக்குப் போய், பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றை எடுத்து, அதோடு ஒரு போத்தல் மிளகாய்த்தூளும் வைத்துக் கொடுத்தனுப்பினாள். நாத்தனார் கேட்டு இல்லையென்று அனுப்புகிற பழக்கம் அவளுக்கும் இல்லை.

வேட்டை தொடங்கின சனிக்கிழமை காலையில்தான் நீக்கிலாப்பிள்ளை பெட்டி குறைவதைக் கண்டான். றோசா ஒளிக்கவில்லை. அருமைராசா அப்போது தொலைபேசி எடுபடாத காட்டுக்குள். ஐயோ வெடித்து ஏதும் ஆகிவிடுமோ என்று றோசா பதறினாள்.

"வெடிக்காது. பூட்டாது, அவ்வளவுதான்" என்றான். என்றுவிட்டு, மரை முன்னால் நிற்க அருமைராசா பூட்டோடு இழுபடுகிறதை நினைத்தானோ என்னவோ, சிரித்துவிட்டான். ஒரு சின்னச் சிரிப்பு. றோசாவும் பயம் தெளிந்து கூடச் சிரித்தாள்.

காட்டில் அப்படியேதான் நடந்தது. மார்செல் நல்ல மனிசன், புதுசாக வந்தவனுக்கென்று நல்ல இடம் கொடுத்தான், சதுப்பு நிலத்தின் ஓரம். முதல்நாள் அருமைராசா கடைத் தோட்டாவால் பலகைக்குச் சுட்டுப் பழகியிருக்கிறான், நல்லதை மரைக்கென்று மிச்சம் வைத்திருக்கிறான். ஒன்றை என்றாலும் போட்டுப் பார்க்கவில்லை. விடியக் கொம்பு விரித்த கடா ஒன்று தண்ணீருக்குள் இறங்கி, அவனுக்கு நேரே வந்து நின்றது. பூட்டைத் தள்ளினான். பாதியில் நின்றது. அமத்தித் தள்ளினான். போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை, தோட்டா இறுகிவிட்டது. சட்டைப்பையில் கடைத் தோட்டா கிடந்தும் பிரயோசனம் இல்லை. உள்ளங்கையால் அடித்தான், பிறகு சப்பாத்தைக் கழற்றி அடித்தான். கிளக், கிளக் என்று சத்தம் சதுப்பு முழுக்கக் கேட்டதாம். கடா தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு ஆறுதலாக நடந்து போனது. அந்தக் கூட்டத்துக்கு அந்த வருசம் வேறு மரை கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை அருமைராசா வேலைக்குப் போனபோது சமையலறையில் ஒருவன் சட்டி மூடியைக் கரண்டியால் தட்டினான். கிளக். அடுத்தவன் தட்டினான். பகிடிதான், அவர்கள் ஆளுக்காள் இப்படித்தான். ஆனால் அது பனிமாரி முழுக்க நிற்கவில்லை. பாத்திரம் கழுவுகிற பொடியன் முதற்கொண்டு தட்டினான். மாசி மாதம் அருமைராசா அந்த வேலையை விட்டான். புரோசார்ட்டில் ஒரு கடைத்தொகுதியில், சாப்பாட்டுக் கடையில் நின்று கோழி பொரிக்கப் போனான்.

அவன் சொன்ன கதை இதுதான்: தான் வெள்ளைக்காரனோடு வேட்டைக்குப் போகிறது மச்சானுக்குப் பொறுக்கவில்லை, றோசா எடுத்துக் கொடுப்பாள் என்று தெரிந்தே பழுதான பெட்டியை எடுத்து முன்னுக்கு வைத்துவிட்டான். றெஜினா முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு ஞாயிறு கோயில் வாசலில் நின்று கதைக்கும்போது றோசா, கள்ளமில்லாமல், அண்டைக்கு இவர் பூட்டாது எண்டு சொல்லிச் சிரிச்சவர் என்று சொல்லிவிட்டாள். எப்படித் தெரியும் என்று றெஜினா கேட்கவில்லை. சிரித்தவர் என்பது மட்டும் அவள் காதில் ஏறியது. அடுத்த ஞாயிறு தலையிடி, சமைக்கவில்லை என்றாள். அதற்கடுத்த ஞாயிறு தொலைபேசியையே எடுக்கவில்லை.

அந்த மாரி நீக்கிலாப்பிள்ளை மேசைக்குப் போகவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கார் தானாகப் பாலத்துப் பக்கம் திரும்பும், பிறகு வீட்டுக்கு வருவான் என்று றோசா எனக்குச் சொன்னாள். தங்கையைத் திருப்பி எடுக்க ஒரு வழிதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. தான் பழுதான சாமான் கொடுக்கவில்லை என்று காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நான் சொன்னேன், போய்க் கையைப் பிடித்து, பிழைபோச்சு மச்சான் என்று சொல்லிவிட்டு வா என்று. செய்யாத பிழைக்கோ அக்கா என்று கேட்டான்.

வைகாசியில் றொஷினிக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். ஞானத்தகப்பன் இல்லாமல் செய்ய முடியாது, றெஜினா கூப்பிட்டாள். நீக்கிலாப்பிள்ளை புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். கோயிலில் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றான். றெஜினாவும் முகம் கொடுத்துக் கதைத்தாள், அண்ணை மெலிஞ்சு போனியள் என்றாள். வீட்டில் விருந்து. எழும்பிப் போகிற நேரம்வரை சும்மா இருந்திருந்தால் அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பாள், இதை நான் இன்றைக்கும் சொல்லுவேன்.

சாப்பாடு முடிந்து ஆண்கள் கூடத்தில் இருக்க, அவன் காருக்குப் போய்த் தன் துவக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். றோசா கையைப் பிடித்தாள், உதறினான். துவக்கைக் கண்டதும் வவுனியாவில் மகனைப் பறிகொடுத்த கிழவி ஒருத்தி எழும்பிக் குசினிக்குள் போனாள். மச்சான், உம்மடதையும் ஒருக்கால் எடும் என்றான். அத்தனை பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல அருமைராசாவால் முடியவில்லை.

நீக்கிலாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து மருந்தில்லாத வெற்றுக் கோது இரண்டு எடுத்தான். கழுத்து மட்டும் இறுக்கினதைத் தன் துவக்கில் போட்டான். பூட்டு வெண்ணெயில் கத்திபோல் போய் விழுந்தது. அதையே அருமைராசாவின் துவக்கில் போட்டான். பாதியில் நின்றது. பிறகு முழுக்க இறுக்கின மற்றக் கோதை எடுத்து இரண்டிலும் போட்டுக் காட்டினான். இரண்டிலும் பூட்டியது. முதலில் சொன்ன அதே சொல்லை, அதே மெதுவாக, நீட்டி இழுத்துச் சொன்னான். இந்த முறை எல்லாருக்கும் விளங்கியது.

பக்கத்து வீட்டு அருளம்பலம், இரண்டு கிளாஸ் உள்ளே போன மனிசன், சொன்னான்: "அப்ப துவக்கிலையும் பிழையில்லை, தோட்டாவிலையும் பிழையில்லை. பிழை எங்கையெண்டு இப்ப தெரியுது."

சிரிப்பு எழும்பியது. பின்னால் ஆரோ கிளாசைக் கரண்டியால் தட்டினார்கள். கிளக்.

அருமைராசா எழும்பினான். கட்லட் தட்டத்தை எடுத்து, நிற்கிற எல்லாருக்கும் ஒவ்வொருத்தராக நீட்டிக்கொண்டு வந்தான். மச்சானுக்கும் நீட்டினான். றொஷினி வெள்ளைச் சட்டையோடு படியில் இருந்து தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீக்கிலாப்பிள்ளை மட்டும் தங்கையைப் பார்த்தான், விளங்கிச்சுதோ என்று கேட்கிற முகத்தோடு.

வெளிக்கிடும்போது றெஜினா வாசல்வரை வந்தாள். கையில் அந்தப் பிளாஸ்ரிக் பெட்டி. ஒரு தோட்டா குறைய மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"நீங்கள் சொன்னது சரிதான் அண்ணை" என்றாள். "மச்சாள் சும்மா தந்தவ, நான்தான் வந்து வாங்கினனான். உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

அவன் முகம் மலர்ந்தது. அவள் முடிக்கவில்லை.

"நீங்கள் வெண்டிட்டியள். நான் இந்த மனிசனோடைதான் இருக்கவேணும். இனி நான் கூப்பிடாமல் வராதேங்கோ."

கூப்பிடவில்லை. மார்கழியில் நத்தாருக்குக் கூப்பிடவில்லை, பெரிய வெள்ளிக்குக் கோயிலில் கண்டால் தலையை மட்டும் அசைப்பாள். இரண்டாயிரத்தெட்டில் றொஷினி பெரியபிள்ளையாக, சாமத்தியவீடு வைத்தார்கள், மண்டபம் எடுத்துப் பெரிதாக. எனக்குக் கார்டு வந்தது, அண்ணனுக்கு வரவில்லை. மாமன் மாலை போடாமல் அது நடக்காது. ஸ்காபரோவிலிருந்து ஒருவரைக் கோட்டுச் சூட்டோடு கொண்டுவந்து, றெஜினாவின் அண்ணன் முறை என்று மேடையில் ஏற்றினார்கள். பேசாலையில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரையும் அவரவர் பாட்டன் பெயரோடு எனக்குத் தெரியும். அந்த மனிசன் எங்களுக்கு ஒரு முறையும் இல்லை. மாலை போடும்போது றெஜினா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தநாள் நீக்கிலாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். பிள்ளை வடிவாக இருந்தவளோ என்று கேட்டான். ஓம் என்றேன். மாலை போட்டது ஆர் என்று கேட்டான். சொன்னேன். அவன் அடுத்ததாகக் கேட்டது இது:

"உயரமான ஆளோ? அவள் இப்ப நல்லா வளந்திருப்பாள். மாலை போட எட்டவேணும்."

எட்டினது என்றேன்.

பிறகு எழும்பி நிலவறைக்குப் போனான். நானும் போய்ப் படியில் இருந்தேன். வேட்டைக்குப் போகிறதை அவன் எப்போதோ விட்டுவிட்டான், ஆனால் மேசைக்குத் திரும்பிப் போயிருந்தான். சனிக்கிழமைகளில் கடதாசிக்குச் சுட்டுக் கோதுகளைக் கொண்டுவருவான். கோது ஒன்றை எடுத்து இறுக்குகிற இயந்திரத்தில் வைத்து, பிடியை அடிவரை அமத்தினான். கழுத்தோடு நிற்பாட்டவில்லை. முழுக்க இறுக்கினான். அப்படிச் செய்தால் பித்தளை கிழியும், துளைகள் சிதறும் என்று நீதானே சொன்னாய் என்று கேட்டேன்.

"சிதறுதுதான் அக்கா. ஆனால் இப்ப ஆரின்ர துவக்குக்கும் போகும்."

உடுப்புக் காயவைக்கிற இயந்திரத்துக்கு மேலே தட்டு நிறையத் தோட்டாப் பெட்டிகள் இருந்தன. றோசா அவற்றின் தூசியைக் கிழமைக்கு ஒருமுறை தட்டுகிறாள். இதுவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை.